எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள்

2018-ன் பிற்பாதியில் டெல்லியின் 6 அரசுப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் 250 மாணவ மாணவியர் அதில் இருந்தார்கள். எல்லோரும் ஏதோ ஒரு மனக்கஷ்டத்தில் இருந்தவர்கள். படிப்பு, வீட்டில் சண்டை, சிநேகிதர்களோடு முறிவு, அடக்க முடியாத கோபம் என்று டெல்லிப் பிள்ளைகள் 'டென்ஷன்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் விஷயங்கள்தான். அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு பிரச்சினையை எப்படி அணுகுவது என்று படிப்படியாகச் சொல்லித்தரும் சிறு புத்தகங்களை இரு குழுவுக்கும் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குப் புத்தகம் மட்டும். மற்றதற்குப் புத்தகத்தோடு ஒரு ஆள்.

அந்த ஆள் உளவியல் பட்டம் பெற்றவர் இல்லை. ஹிந்தி சரளமாகப் பேசும் சாதாரணப் பட்டதாரி. இந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர், அவ்வளவுதான். மூன்று நான்கு வாரங்களுக்குள் நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் இருபது முப்பது நிமிடம், பள்ளியிலேயே மாணவரோடு தனியாக உட்கார்ந்து பேசினார்.

ஆய்வை நடத்தியது சங்கத் என்ற தொண்டு நிறுவனம். மனநல மருத்துவர் விக்ரம் படேலும் வேறு சிலரும் 1996-ல் கோவாவில் தொடங்கியது அது. டேனியல் மிக்கெல்சன், படேல் முதலானோர் எழுதிய முடிவுகள் 2020-ல் லான்செட் குழுமத்தின் குழந்தை நல இதழில் வந்தன. நான் இந்த ஆய்வை விரும்பிப் படித்ததற்குக் காரணம் அதன் அமைப்புதான். ஆலோசனையால் பலன் உண்டா என்று பொதுவாகக் கேட்காமல், புத்தகத்தில் இல்லாத எதை ஒரு ஆள் தருகிறார் என்று கேட்கும் ஏற்பாடு அது. புத்தகம் எழுதிப் பிழைப்பவனுக்குக் கொஞ்சம் சங்கடமான கேள்விதான்.

ஆறு வாரம் கழித்து இரண்டு அளவுகோல்களை வைத்துப் பார்த்தார்கள். முதலாவது, உலகமெங்கும் பயன்படும் 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவம். பயம், கவனக்குறைவு, நடத்தை, நட்பு எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் தரும். இதில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டாவது அளவுகோல் வேறு மாதிரி. 'உன்னை இப்போது அதிகம் வாட்டும் பிரச்சினைகள் என்ன? மூன்று வரை சொல். ஒவ்வொன்றுக்கும் 0-விலிருந்து 10 வரை மதிப்பெண் போடு' என்று தொடக்கத்திலேயே மாணவரிடம் கேட்டுவைத்திருந்தார்கள். இப்போது அதே பிரச்சினைகளுக்கு மறுபடி மதிப்பெண். இங்கே ஆளோடு பேசிய குழு தெளிவாக முந்தியிருந்தது. புள்ளியியல் கணக்கில் விளைவின் அளவு 0.36. பிரமாதம் என்று சொல்ல முடியாது, அற்பம் என்று தள்ளவும் முடியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நீடித்தது.

இந்த இரட்டை முடிவை ஏமாற்றமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில்தான் சரக்கு இருப்பதாகப் படுகிறது. நான்கைந்து அரைமணி நேரப் பேச்சு ஒரு பிள்ளையின் சுபாவத்தையோ குடும்பத்தையோ மாற்றிவிடாது. அவளே பெயர் சொல்லிச் சுட்டிய ஒரு கஷ்டத்தின் கனத்தைக் குறைக்கும். கவுன்சலிங்கிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேர்மையான பதில் என்னிடம் இல்லை.

அந்த அரைமணி நேரத்தில் என்னதான் நடக்கிறது? டெல்லிப் பள்ளிகளில் கையாண்ட முறைக்கு மூன்று படிகள்: பிரச்சினை, வழிகள், செய்து பார். இப்படி ஒரு சந்திப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சங்கம் விகாரிலிருந்து வரும் பதினோராம் வகுப்பு மாணவி. ஹிந்தியில் நடக்கும் பேச்சு தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"படிப்பே ஏறல மேம்."

"எந்தப் பாடம்?"

"எல்லாமேதான்."

"நேத்து எதை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தே?"

"கணக்கு. ஆனா உட்காரவே இல்ல. அண்ணன் டியூட்டி முடிஞ்சு வந்து டிவி போட்டுட்டான்."

"டிவி இல்லாத நாள்ல?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "அன்னிக்கும் உட்காரல. நோட்டைத் திறந்தாலே, கிளாஸ்ல எழுப்பி நிக்க வெச்சது ஞாபகம் வருது."

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவளிடம் இருந்தது 'படிப்பு ஏறவில்லை' என்ற பெரிய பாறை. இப்போது கையில் இருப்பவை இரண்டு சின்ன விஷயங்கள்: ஒற்றை அறை வீட்டில் ராத்திரி டிவி, கணக்கு வகுப்பில் பட்ட அவமானம். முதலாவதற்கு அவளே நாலு வழி சொல்வாள். பள்ளி முடிந்ததும் அரைமணி நேரம் நூலகம், பக்கத்து வீட்டு அக்காவின் மாடி, அண்ணனிடம் நேராகக் கேட்பது, விடியற்காலை எழுவது. ஆலோசகர் ஒவ்வொன்றின் சாதக பாதகத்தைக் கேட்பார்; ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்; என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுதவைப்பார். அடுத்த முறை வரும்போது அது நடந்ததா, இல்லையென்றால் எது தடுத்தது என்று கேட்பார். புத்தகத்தால் முடியாத காரியம் இங்கேதான் வருகிறது. 'டிவி இல்லாத நாள்ல?' என்ற கேள்வியைப் புத்தகம் கேட்காது. அடுத்த வாரம் வந்து விசாரிக்கவும் செய்யாது.

பேச்சால் நோய் தீருமா என்ற சந்தேகம் பழையது. 1952-ல் லண்டனில் ஹான்ஸ் ஐசென்க் ஒரு கட்டுரை எழுதினார். உளசிகிச்சை பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் தேறுகிறார்கள் என்றார். அவர் கணக்கில் ஓட்டைகள் இருந்தன. ஆனால் ஒப்பீட்டுக் குழு வைத்து ஆராயவேண்டிய கட்டாயத்தை அவர்தான் இந்தத் துறைக்கு ஏற்படுத்தினார். கால் நூற்றாண்டு கழித்து, 1977-ல், மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் என்ற இரு அமெரிக்கர்கள் 375 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருந்தார்கள். கூடவே ஒரு சங்கடமான முடிவும் வந்தது: எந்த முறை என்பதால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஃபிராய்டின் வழியா, நடத்தைப் பயிற்சியா என்று தலைமுறைக் கணக்கில் சண்டை போட்டவர்களுக்கு அது இனித்திருக்காது.

அப்படியென்றால் எல்லா முறைகளுக்கும் பொதுவானது எது? எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளோடு உண்டாகும் பிணைப்பு என்பது ஒரு பதில். எதை நோக்கிப் போகிறோம், என்ன செய்யப்போகிறோம் என்பதில் இருவரும் ஒத்துப்போவதும், நடுவில் நம்பிக்கை இருப்பதும்தான் இங்கே பிணைப்பு. 2018-ல் 295 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இந்தப் பிணைப்புக்கும் குணமாவதற்கும் இடையே ஒட்டுறவு 0.28 என்று வந்தது. சிறிய எண்தான். ஆனால் எந்த நாடு, எந்த முறை, எந்தப் பிரச்சினை என்று பாராமல் திரும்பத் திரும்ப வருகிறது.

இன்னொரு பதில் மூளையிலிருந்து வருகிறது. 2007-ல் கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் 30 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, கோபமும் பயமும் தெரியும் முகங்களின் படங்களைக் காட்டினார். சில சமயம் அந்த உணர்ச்சிக்கான சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். சில சமயம் அந்த முகத்துக்குப் பொருந்தும் ஆண் பெயரையோ பெண் பெயரையோ. உணர்ச்சிக்குச் சொல் தேடியபோது, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலாவின் துடிப்பு குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கம், கட்டுப்பாட்டோடு தொடர்புள்ள ஒரு பகுதியின் வேலை கூடியது. ஐந்து வருஷம் கழித்து, சிலந்திக்கு அஞ்சும் 88 பேரைக் கையளவு பெரிய சிலந்தியின் அருகே போகச் சொன்னார்கள். 'அது அருவருப்பாக இருக்கிறது, என்மேல் பாய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகியவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் கை வியர்ப்பது குறைந்திருந்தது. 'பயப்பட ஒன்றுமில்லை' என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை. ஸ்கேன் கருவிக்குள் பார்க்கும் படமும் அடைக்க முடியாத வீட்டுக்கடனும் ஒன்றாகிவிடாது என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் திசை தெரிகிறது: மொட்டையான கலக்கம் துல்லியமான வாக்கியமாகும்போது உடம்பு கொஞ்சம் தணிகிறது.

'மனசுல இருக்கிறதைக் கொட்டிட்டா சரியாயிடும்' என்று நம் வீடுகளில் சொல்வதை இது நிரூபித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொட்டுவது மட்டுமே மருந்தென்றால், கொட்டக் கொட்டக் குறைய வேண்டும். 2002-ல் பிராட் புஷ்மன் 600 கல்லூரி மாணவர்களுக்குக் கோபமூட்டினார். சிலரைக் கோபமூட்டிய ஆளை நினைத்தபடி குத்துமூட்டையைக் குத்தச் சொன்னார். சிலரைச் சும்மா உட்காரவைத்தார். குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம் மிஞ்சியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்த அமாண்டா ரோஸ், ஒரே கவலையைச் சிநேகிதியோடு மணிக்கணக்காகப் பேசிப் பேசி அரைப்பவர்களுக்கு நட்பு இறுகுவதையும், கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருப்பதையும் கண்டார்.

இதைவிடக் கடுமையான பாடம் பிரிட்டனிலிருந்து வந்தது. தீக்காயம் பட்டு மருத்துவமனையில் இருந்தவர்களில் ஒரு பகுதியினரிடம், சில நாட்களுக்குள்ளேயே, நடந்ததை ஒரே அமர்வில் விவரமாகப் பேசவைத்தார்கள். 1997-ல் வெளியான முடிவு: 13 மாதம் கழித்து, பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய் இருந்தது, பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். இரண்டு குழுக்களும் தொடக்கத்தில் முற்றிலும் ஒரே நிலையில் இல்லை என்றாலும், பின்வந்த தொகுப்பாய்வுகளும் இப்படிப்பட்ட ஒற்றை அமர்வு காப்பாற்றுவதில்லை, சிலரைக் கெடுக்கவும் கூடும் என்றே சொல்கின்றன. விபத்து நடந்த வீட்டுக்குள் புகுந்து 'அழுதுடுங்க, எல்லாத்தையும் சொல்லிடுங்க' என்று வற்புறுத்தும் நல்லெண்ணக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும். எப்போது பேசுவது, எவ்வளவு பேசுவது என்பதைப் பேசுகிறவர் முடிவு செய்யவேண்டும். பேச்சு ஓர் இடத்தில் சுழலத் தொடங்கினால் அதை நகர்த்திவிடத் தெரிந்த ஒருவர் எதிரே வேண்டும். பழகிய சிநேகிதிக்கும் பயிற்சி பெற்ற ஆலோசகருக்கும் உள்ள வித்தியாசம் பெருமளவு இதுதான்.

அன்னியர் என்பதிலும் ஒரு சௌகரியம் உண்டு. ஜெர்மானிய சமூகவியலாளர் ஜியார்ஜ் சிம்மெல், நெருங்கியவர்களிடம் மறைப்பதை மனிதர்கள் அன்னியரிடம் சொல்லிவிடுகிறார்கள் என்று 1908-லேயே கவனித்தார். டெல்லித் தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அரசுக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் ஆபீசிலும் பக்கத்து மேஜை; அவரையே சாயங்காலம் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் படிக்கட்டில் பார்க்க வேண்டும். அங்கே மகனின் குடிப்பழக்கத்தைப் பற்றி யாரிடம் பேசுவது? ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தால் அவர் ராத்திரி தூங்க மாட்டார், மறுநாள் மாமாவுக்கும் தெரிந்துவிடும்.

அன்னியரிடம் போனாலும் நாம் எதிர்பார்ப்பது புத்திமதி. எழுபதுகளில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இருந்த மனநல மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான ஜே. எஸ். நேகி இதைப் பற்றி 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸின் வழிவந்த ஆலோசகர் வழிகாட்ட மறுப்பார். தீர்வு உனக்குள்ளேயே இருக்கிறது என்று காத்திருப்பார். இந்திய நோயாளிக்கு அது கைவிடப்பட்டதுபோல் தோன்றும். வந்தவர் சீடராக வந்திருக்கிறார், குருவைத் தேடுகிறார். அந்த எதிர்பார்ப்பைப் பழிக்காமல் குரு-சீட உறவையே சிகிச்சையின் மாதிரியாகக் கொள்ளலாமே என்பது நேகியின் வாதம். எனக்கு அதில் பாதி உடன்பாடு. குருவின் புத்திமதி அவர் வாழ்க்கைக்குப் பொருந்தியது. ஒற்றை அறை வீட்டு மாணவிக்குப் பொருந்துமா என்பது அவருக்குத் தெரியாது. டெல்லிப் பள்ளி முறை இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைப் பிடித்திருக்கிறது. படிகளைத் தாண்டவிடாமல் கண்டிப்பாகக் கூட்டிப்போகிறார் ஆலோசகர். அந்தப் படிகளில் எதை நிரப்புவது என்பதை மாணவியிடம் விட்டுவிடுகிறார்.

பெரியவர்களுக்கு இது எடுபடுமா என்பதற்குக் கோவாவில் பதில் கிடைத்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேரைத் தேர்ந்தெடுத்து, பாதிப்பேருக்கு வழக்கமான கவனிப்போடு 6 முதல் 8 அமர்வுகள் கொடுத்தார்கள். பேசியவர்கள் இங்கும் பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்க்காரர்களே. சோர்வு வந்தால் மனிதர் ஒதுங்குவார். ஒதுங்கினால் சந்தோஷம் தரும் சின்னச் சின்னக் காரியங்கள் நின்றுபோகும். அதனால் சோர்வு இன்னும் கூடும். சிந்தனையைத் திருத்தப் போகாமல், நின்றுபோன காரியங்களில் ஒன்றிரண்டை முதலில் திரும்பத் தொடங்கவைப்பதே இவர்கள் முறை. மூன்று மாதத்தில், இந்த அமர்வுகள் கிடைத்தவர்களில் 64 சதவீதத்தினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். தரம் கெடாமல் இருக்க ஆலோசகர்கள் தங்கள் அமர்வுகளின் ஒலிப்பதிவை ஒருவருக்கொருவர் போட்டுக் கேட்டு மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். டிகிரி வாங்கிய பிறகு தன் பேச்சை யாரும் கேட்டுத் திருத்தாத நிபுணரைவிட இவர்களை நம்பலாம் என்பது என் கட்சி.

ஜிம்பாப்வேயில் ஆலோசகர் வேலையைப் பாட்டிமார்கள் செய்கிறார்கள். 2006-ல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் ஹராரே நகரின் சுகாதார நிலையங்களுக்கு வெளியே மரப்பெஞ்சு போட்டு, உள்ளூர் முதிய பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்காரவைத்தார். 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. ஆறு மாதத்தில் பெஞ்சுக்கு வந்தவர்களின் துயர அறிகுறிகள் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தன.

இதெல்லாம் இந்தியாவுக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் பத்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் மனநலக் கோளாறு இருக்கிறது. கோளாறைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதத்தினர் சிகிச்சையே பெறவில்லை. நிபுணர்கள் வரட்டும் என்று காத்திருந்தால் தலைமுறைகள் போய்விடும். டெல்லியில் இதை முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்டு இலவசமாக ஆலோசனை தரும் சஞ்ஜீவினி 1976-லிருந்து இயங்குகிறது. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களோடு பேசுவதற்கென்றே சுமைத்ரி 1988-ல் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாகச் சென்னையில் இதே பணிக்காக லட்சுமி விஜயகுமார் ஸ்நேகாவைத் தொடங்கியிருந்தார்.

எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். கோவாவில் நூற்றில் 64 பேர் மீண்டார்கள் என்றால் 36 பேர் மூன்று மாதத்தில் மீளவில்லை. இல்லாத குரல் காதில் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமல் அளவுகடந்த உற்சாகத்தில் இருப்பது, சாப்பிடவும் எழவும் முடியாமல் கிடப்பது, சாவதற்கு வழி தேடுவது ஆகியவற்றுக்கு மனநல மருத்துவர் தேவை, தாமதிக்கக் கூடாது. டெல்லியில் எய்ம்ஸ் இருக்கிறது, தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் மருத்துவமனை இருக்கிறது. நின்றுபோன சம்பளத்தையும் அடிக்கிற கணவனையும் எந்த ஆலோசகரும் பேசித் தீர்த்துவிட முடியாது. அங்கே வக்கீலும் காவல் நிலையமும் தங்க ஓர் இடமும் வேண்டும். அதை ஒப்புக்கொண்டு உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பவரே நல்ல ஆலோசகர். 'உங்க மனசை மாத்திக்குங்க' என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

போவதென்று முடிவு செய்தால் முதல் சந்திப்பிலேயே சிலவற்றைக் கேளுங்கள். என்ன பயிற்சி பெற்றிருக்கிறீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் யார், நான் சொல்வது எந்தச் சூழ்நிலையில் வெளியே போகும், எத்தனை அமர்வுகளில் பலன் தெரிய வேண்டும்? இவற்றுக்கு முகம் சுளிப்பவர் உங்களுக்கு வேண்டாம். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். உங்களை வாட்டும் மூன்று பிரச்சினைகளை ஒரு தாளில் எழுதி மதிப்பெண் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். நாலைந்து சந்திப்புக்குப் பிறகும் அந்த எண்கள் அசையவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஆளை மாற்றுங்கள். ஒருவர் ஒத்துவரவில்லை என்பதற்காகக் கவுன்சலிங்கே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் தொலைபேசி இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழும் அதன் மொழிகளில் ஒன்று.